கச்சேரியைத் தொடங்க எந்த வர்ணம்?

முதல் கர்நாடக இசைக் கச்சேரிக்கு உருப்படிப் பட்டியல் போடுபவர்கள் பெரும்பாலும் மெயினைத்தான் (விரிவாகப் பாடும் முக்கிய உருப்படி) முதலில் முடிவு செய்கிறார்கள். அப்புறம் அதற்கு அடுத்த பெரிய உருப்படியான சப்-மெயின், பிள்ளையார் கிருதி, கடைசியில் வரும் சின்னத் துக்கடாக்கள். கச்சேரியைத் தொடங்கிவைக்கும், ஸ்வரமும் சாகித்தியமும் கலந்த வர்ணம் கடைசியில் "ஏதோ ஒன்று பாடிக்கொள்ளலாம்" என்று மிஞ்சும். மேடையில் நிலைமை வேறு. தொண்டை திறப்பது, தம்பூராவின் அளவு சரியாவது, மைக்காரர் ஒலியைக் கூட்டிக் குறைப்பது, வயலினும் மிருதங்கமும் உங்கள் காலப்பிரமாணத்தை, அதாவது வேகத்தை, பிடித்துக்கொள்வது எல்லாம் அந்த முதல் ஐந்தாறு நிமிடத்துக்குள் நடந்து முடிகின்றன. அங்கே தடுமாறினால் அடுத்த அரை மணி நேரம் அதைச் சரிக்கட்டுவதிலேயே கழியும்.

நாலைந்து வருடம் முறையாகக் கற்றவர் கையில் அநேகமாக இந்த வர்ணங்கள் இருக்கும்: மோகனத்தில் "நின்னுகோரி", ஆபோகியில் "எவ்வரி போதன", ஹம்ஸத்வனியில் "ஜலஜாக்ஷ", கல்யாணியில் "வனஜாக்ஷி". அட தாளத்துக்கு வந்திருந்தால் பைரவியில் "விரிபோணி", கானடாவில் "நேர நம்மிதி". இவற்றுள் எதை எடுப்பது என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. கிடைக்கும் நேரம், அன்றைய குரல், பின்னால் வரப்போகும் ராகங்கள். வர்ணத்தின் கௌரவத்துக்கு இந்தக் கணக்கில் இடம் கிடையாது, "எடுத்த எடுப்பில் அட தாள வர்ணம் பாடினாளாம்" என்று ஊர் பேசினாலும்.

முதலில் நேரக் கணக்கு

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம் (தாள எண்ணிக்கை). அட தாளத்துக்கு 14: ஐந்து அட்சர லகு இரண்டு, அப்புறம் இரண்டு அட்சரத் திருதம் இரண்டு. வர்ணங்களை அட்சரத்துக்கு 4 ஸ்வரம் என்ற கணக்கில் எழுதுவதால், ஆதியில் ஓர் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) 32 ஸ்வர இடங்கள், அட தாளத்தில் 56.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 48 என்று வையுங்கள். ஆதி ஆவர்த்தனம் 10 விநாடி ஓடும், அட தாள ஆவர்த்தனம் 17.5 விநாடி. இப்போது உங்கள் நோட்டை எடுத்து, நீங்கள் பாடுகிற முறையில் எத்தனை ஆவர்த்தனம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம், திரும்பப் பல்லவி, சரணம், ஒவ்வொரு சரண ஸ்வரம், அதன் பின் மறுபடியும் சரணம் என்று ஒன்றையும் விடாமல் எண்ண வேண்டும். 24 ஆவர்த்தனம் வந்தால் ஆதியில் 4 நிமிடம், அட தாளத்தில் 7 நிமிடம். பூர்வாங்கம் (சரணத்துக்கு முந்திய பகுதி) ஏழு ஆவர்த்தனம் என்றால், அதை இரண்டாம் காலத்திலும் (இரட்டை வேகத்தில்) பாட ஆதியில் இன்னும் அரை நிமிடத்துக்குச் சற்று மேல், அட தாளத்தில் ஒரு நிமிடம் கூடும். வரிகளைத் திருப்பிப் பாடும் வழக்கமிருந்தால் அதுவும் சேரும். ஆக, இரண்டு காலத்தில் பாடிய அட தாள வர்ணம் எட்டு நிமிடத்துக்குக் குறைந்து முடிவது அபூர்வம்.

ஒரு மணி நேரக் கச்சேரியில் எட்டு ஒன்பது நிமிடத்தை வர்ணத்துக்குக் கொடுத்தால், வெட்டு விழுவது கடைசியில்: ஒன்று மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் சுருங்கும், அல்லது துக்கடா போய்விடும். அதனால் ஒரு மணி நேரம் என்றால் ஆதி தாள வர்ணம்தான், அதுவும் ஒரே காலத்தில், மத்திம காலமாக (நடுத்தர வேகத்தில்). ஒன்றரை மணி நேர மதியக் கச்சேரியில் ஆதி தாள வர்ணத்தின் பூர்வாங்கத்தை இரண்டு காலத்திலும், மீதியை ஒரே ஓட்டத்திலும் பாடலாம். அட தாளத்துக்கு நியாயமான இடம் இரண்டு, இரண்டரை மணி நேரக் கச்சேரி. அரை மணி நேர நிகழ்ச்சி என்றால் வர்ணமே வேண்டாம், நேரே கிருதிக்குப் போய்விடுவது நல்லது.

காலப்பிரமாணம்

வர்ணம் கெட்டுப்போவதற்கு முதல் காரணம், முதல் காலத்தை "சௌகரியமான" வேகத்தில் எடுப்பது. 60 அட்சரத்தில் எடுத்தால் முதல் காலத்தில் விநாடிக்கு 4 ஸ்வரம். சுகமாகத்தான் இருக்கும். இரண்டாம் காலத்தில் விநாடிக்கு 8 ஸ்வரம் பாட வேண்டும். அந்த வேகத்தில் கமகம் (ஸ்வரத்தின் அசைவு) நசுங்கி, ஸ்வரம் வெறும் எழுத்தாகிவிடும். 72-ல் எடுத்துவிட்டால் இரண்டாம் காலம் கிட்டத்தட்ட விநாடிக்குப் பத்து. அது யாருக்கும் தெளிவாக விழாது. மேடைப் பதற்றத்தில் கை தானாகவே ஏழெட்டு அட்சரம் வேகமாகப் போடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரியான வழி பின்னாலிருந்து வருவது. முக்தாயி ஸ்வரத்தை இரண்டாம் காலத்தில் மட்டும் பாடிப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிற அதிகபட்ச வேகம் எது என்று கண்டுபிடியுங்கள். அதே தாள எண்ணில் முதல் காலத்தைப் பாடுங்கள். பெரும்பாலானோருக்கு இது 44-க்கும் 52-க்கும் நடுவில் வந்து நிற்கும். முதல் காலம் கொஞ்சம் இழுக்கிற மாதிரி தோன்றும். அந்த இழுப்பில்தான் கமகம் பேசும், தொண்டையும் பதமாகும்.

இரண்டாம் காலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, இது சாதகத்தில் கண்ணில் படாமல் மேடையில் காலை வாரும். பல்லவியும் அனுபல்லவியும் இரண்டிரண்டு ஆவர்த்தனமாக இருந்தால் இரண்டாம் காலத்தில் ஒவ்வொன்றாகிவிடும், தாளம் நிறையும். சரணம் ஒரே ஆவர்த்தனமாக இருந்தால் அது அரை ஆவர்த்தனத்தில் முடிந்துபோகும். ஒரு ஆவர்த்தனச் சரண ஸ்வரத்தோடு சேர்த்துப் பாடினால் சரியாகிவிடும். இரண்டு ஆவர்த்தன ஸ்வரத்தோடு சேர்த்தால் மொத்தம் ஒன்றரை. அங்கே சரணத்தை இருமுறை பாடினால்தான் சமத்துக்கு (ஆவர்த்தனத்தின் தொடக்கத்துக்கு) வந்து சேரலாம். எந்த ஸ்வரத்துக்குப் பிறகு இருமுறை என்பதைப் பென்சிலால் நோட்டில் குறித்து, வயலின்காரரிடமும் சொல்லிவிடுங்கள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் பலர் உத்தராங்கத்தை (சரணமும் அதன் ஸ்வரங்களும்) ஒரே காலத்தில் முடித்துக்கொள்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை.

மோகனமா, ஆபோகியா?

ஆதி தாளத்தில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். இரண்டிலும் ஐந்தே ஸ்வரம், விவாதி (ஒன்றோடொன்று உரசும் ஸ்வரச் சேர்க்கை) கிடையாது, வயலின்காரர்கள் தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிப்பார்கள். ஆனால் குரலிடம் கேட்பது வேறு வேறு.

மோகனத்தில் ஸ ரி க ப த. தம்பூராவின் மந்தர ஸட்ஜத் தந்தியை நன்றாகச் சேர்த்திருந்தால் அந்தர காந்தாரம் அதிலிருந்து தானாகவே கேட்கும். ஸ்வயம்பு காந்தாரம் என்று சொல்வது இதைத்தான். "நின்னுகோரி" அந்தக் காந்தாரத்தில்தான் எடுக்கிறது. ஆகவே பாடிய முதல் ஸ்வரமே தம்பூராவோடு சேர்ந்ததா இல்லையா என்று சபைக்குத் தெரிந்துவிடும். சுருதி நின்றுவிட்டால் இதைவிடச் சுகமான தொடக்கம் கிடையாது: ஸட்ஜமும் பஞ்சமமும் காந்தாரமும் தம்பூராவிலேயே இருப்பதால் குரல் ஒவ்வொரு வரியிலும் இறங்கி இளைப்பாற இடமுண்டு. நிற்காவிட்டால் ஒளியவும் இடமில்லை. காந்தாரத்தை ஆட்டி மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மோகனத்தில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அந்த ராகத்தின் காந்தாரம் பெரும்பாலும் அசையாமல் நிற்க வேண்டியது.

இது முதல் வர்ணமாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதால் "பாலபாடம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பூச்சி ஐயங்கார் என்று அறியப்பட்ட ராமநாதபுரம் ஸ்ரீநிவாச ஐயங்கார் செய்த உருப்படியைப் பாலபாடம் என்று ஒதுக்குவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனால் ஓர் அபாயம் மெய்யானது. எட்டு வயதில் கற்ற பாடாந்தரம் (பாடும் முறை) அப்படியே தொண்டையில் உறைந்திருக்கும்: ஒவ்வொரு அட்சரத்திலும் ஒரு இடி, கார்வை (ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவது) இருக்கும் இடத்திலும் அவசரம். மேடைக்கு எடுப்பதானால் பல்லவியை ஸ்வரம் இல்லாமல் அகாரத்தில் ("ஆ" என்று) மட்டும் ஒரு வாரம் பாடி அந்த இடிகளை உதிர்க்க வேண்டும். சபையில் பாதிப் பேருக்கு இந்த வர்ணம் பாடம் என்பதையும் மறக்கக் கூடாது. கூடவே முணுமுணுப்பார்கள், பிசகினால் முதலில் அவர்கள்தான் தலையை நிமிர்த்துவார்கள்.

ஆபோகி வேறு சாதி. ஸ ரி க ம த. பஞ்சமமும் நிஷாதமும் இல்லை. தம்பூராவில் பஞ்சமம் ஓயாமல் ஒலிக்கும், வாயில் ஒருமுறைகூட வராது. சரளி வரிசையில் ஆயிரக்கணக்கான தடவை ம-ப-த என்று போன தொண்டை, மத்திமத்திலிருந்து தைவதத்துக்குத் தாவும்போது நடுவில் பஞ்சமத்தின் நிழலைத் தொட்டுவிடும். முதல் காலத்தில் இது தெரியாது, இரண்டாம் காலத்தில் வழுக்கலாகக் கேட்கும். மருந்து எளிது. "மா, தா, மா, தா" என்று ஒவ்வொன்றையும் நான்கு அட்சரம் நிறுத்திப் பாடி, அப்புறம் இரண்டு, ஒன்று, அரை அட்சரமாகக் குறைத்து வர வேண்டும். அதே மாதிரி தைவதத்திலிருந்து தார ஸட்ஜத்துக்கும்.

இதற்குக் கைமாறாக ஆபோகி ஒன்று தருகிறது. அதன் சாதாரண காந்தாரம் அசைவோடு வருவது. காலையில் கொஞ்சம் கரகரப்பான குரலையும் அந்த அசைவு தாங்கிக்கொள்ளும், அசையா ஸ்வரத்தின் நிர்வாணம் இதில் இல்லை. "எவ்வரி போதன" இயல்பாகவே துள்ளலோடு போகும் உருப்படி. ஒரே காலத்தில், 60-க்கு மேல் எடுத்து, நாலு நிமிடத்தில் முடித்தாலும் நிறைவாக இருக்கும். இந்த வர்ணத்தைச் செய்த பட்டணம் சுப்பிரமணிய ஐயர்தான் பூச்சி ஐயங்காரின் குரு. பட்டணத்தின் குரு மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், "ஜலஜாக்ஷ" அவருடையது. பூச்சி ஐயங்காரின் சீடர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார், வர்ணத்தில் தொடங்கும் இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவர். ஆக இந்த மூன்று ஆதி தாள வர்ணங்களும் மேடைத் தொடக்கமாக இவ்வளவு புழங்குவதில் ஆச்சரியமில்லை. ஒரே குருபரம்பரையின் சரக்கு.

ஒரு மணி நேரக் கச்சேரி, முன்பின் தெரியாத பக்கவாத்தியம், ஒத்திகை இல்லை என்றால் ஆபோகி. சுருதி சுத்தத்தில் நம்பிக்கையுள்ள குரல், தம்பூரா நன்றாகக் கேட்கும் சின்ன அரங்கு என்றால் மோகனம்.

ஹம்ஸத்வனி ஏன் கணக்கைக் குழப்புகிறது

"ஜலஜாக்ஷ" கேட்க மிக உற்சாகமானது. சிக்கல் அதற்கு அடுத்த உருப்படியில். வர்ணத்துக்குப் பின் பிள்ளையார் கிருதி என்பது வழக்கம், அந்த இடத்தில் பலரும் நம்பியிருப்பது ஹம்ஸத்வனி "வாதாபி கணபதிம்". வர்ணமும் அதே ராகம் என்றால் அதை விட்டுவிட வேண்டும். நாட்டையிலோ கௌளையிலோ ஒரு கிருதி நன்றாகப் பாடமானவர்களுக்குக் கவலையில்லை. இல்லாதவர்கள் ஹம்ஸத்வனி வர்ணத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ராகம் மோதுவது என்பது அதே ராகம் திரும்ப வருவது மட்டுமில்லை. மோகன வர்ணத்துக்கு அடுத்தபடியாக பிலஹரி போடாதீர்கள்: பிலஹரியின் ஆரோகணம் ஸ ரி க ப த ஸ, அப்படியே மோகனம், அவரோகணம் வரும் வரை சபைக்கு ராகம் மாறியதே தெரியாது. காம்போஜி மெயின் என்றாலும் மோகனத்தைத் தவிர்ப்பது மேல், காம்போஜி ஆலாபனையின் மேல் ஸ்தாயிப் பிடிகள் (ஸ்வரத் தொடர்கள்) அதே ஸ்வரங்களில் வருவதால். ஆபோகிக்கு ஸ்ரீரஞ்சனி ஆகாது. ஒரு நிஷாதம்தான் வித்தியாசம். கரகரப்ரியா மெயின் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் ஒரு மணி நேரம் இருக்குமே.

கல்யாணி "வனஜாக்ஷி" இந்தப் போட்டியில் பின்தங்குவதும் இதனால்தான். அழகான வர்ணம். ஆனால் கல்யாணியை வர்ணத்தில் செலவழித்துவிட்டால், அந்தக் கச்சேரியில் ஆலாபனைக்குக் கல்யாணி போய்விட்டது. தொண்டை திறக்காத நேரத்தில் பிரதி மத்திமமும் காகலி நிஷாதமும் பஞ்சமத்தையும் ஸட்ஜத்தையும் ஒட்டிக்கொண்டே நிற்கும், கொஞ்சம் அசந்தால் இறங்கிவிடும். தோடி "ஏரா நாபை" வர்ணத்துக்கும் இதே ஆட்சேபம்: தோடியைத் திறக்காத தொண்டையில் பாடுவானேன்?

அட தாளம்: விரிபோணிக்கு என்ன விலை

பச்சிமிரியம் ஆதியப்பய்யா 18-ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்க்காரர். சியாமா சாஸ்திரிகளுக்குச் சங்கீதம் சொன்னவர். "விரிபோணி" ஒன்றே அவர் பெயரை நிறுத்தப் போதுமானதாக இருக்கிறது. பைரவி முழுவதும் அதில் இருக்கிறது என்பார்கள், அது மிகையில்லை. ஆலாபனையில் வரும் பைரவிப் பிடிகளில் பெரும்பங்கை இந்த ஒரு வர்ணத்திலிருந்தே எடுத்துக்காட்டலாம்.

அதனாலேயே விலையும் அதிகம். இதைப் பாடிவிட்டால் அன்று பைரவி மெயின் கிடையாது, சியாமா சாஸ்திரிகளின் காமாட்சி ஸ்வரஜதியும் கிடையாது. முகாரியையும் மாஞ்சியையும்கூடத் தள்ளித்தான் வைக்க வேண்டும். அட தாள வர்ணங்களில் பிரபலமானவை பெரும்பாலும் பெரிய ராகங்களிலேயே இருக்கின்றன: பைரவி, தோடியில் பல்லவி கோபாலய்யரின் "கனகாங்கி", சங்கராபரணத்தில் ஸ்வாதித் திருநாளின் "சலமேல". எதை எடுத்தாலும் மெயினுக்கான ஒரு ராகத்தை முன்பணமாகக் கட்டுகிறீர்கள். இந்தக் கூட்டத்தில் இழப்புக் குறைவானது கானடா. "நேர நம்மிதி"யும் பூச்சி ஐயங்காருடையதே. கானடாவை மெயினாக எடுப்பவர்கள் குறைவு என்பதால் பட்டியலில் பெரிய ஓட்டை விழாது. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மெயின் தோடியோ பைரவியோ காம்போஜியோ எதுவானாலும் கானடா வர்ணம் முன்னால் நிற்கலாம். விரிபோணிக்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியைக் கானடாவுக்குக் கொடுத்தவர்கள் பட்டியல் போடும்போது நிம்மதியாக இருப்பார்கள்.

விரிபோணிதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு இடங்களைத் தேய்த்து வைக்க வேண்டும்.

முதலாவது தைவதம். பைரவியில் ஏறும்போது சதுசுருதி தைவதம், இறங்கும்போது சுத்த தைவதம். முதல் காலத்தில் எல்லோரும் சரியாகப் பாடுவார்கள். இரண்டாம் காலத்தில் ப-த-நி-ஸ போய் உடனே நி-த-ப இறங்கும் இடங்களில் இரண்டு தைவதமும் நடுவில் எங்கோ ஒன்றாகக் குழைந்துவிடும். ஏறும் பிடியையும் இறங்கும் பிடியையும் தனித்தனியே பத்துப் பத்துத் தடவை பாடி, அப்புறம் சேர்த்து, மெட்ரோனோமை 30-ல் தொடங்கி நான்கு நான்காக ஏற்ற வேண்டும். குழைகிற எண் எதுவோ அதற்கு ஒரு படி கீழேதான் உங்கள் மேடை வேகம்.

இரண்டாவது தாளம். ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிரம், நடு, ஆள்காட்டி: இது ஒரு லகு, ஐந்து அட்சரம். இதே போல இன்னொன்று. பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. ஆதி தாளத்திலேயே வளர்ந்த கை இரண்டாம் லகுவில் நடுவிரலோடு நின்றுவிடும். அப்போது தாளம் 13 ஆகி, பாட்டின் எடுப்பு வருவதற்கு ஓர் அட்சரம் முன்னாலேயே கை சமத்தைத் தட்டும். பதறி வேகத்தைக் கூட்டினால் மிருதங்கக்காரரும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழிப்பார். காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி: ஒவ்வொரு வரியிலும் முதல் திருதத்தில் விழும் எழுத்து எது என்று மனப்பாடமாக வைத்திருப்பது. பத்து அட்சரம் கழிந்து, பதினோராவதில் இந்த எழுத்து என்று தெரிந்திருந்தால், கை பிசகினாலும் அங்கேயே பிடித்துவிடலாம். வர்ணம் முழுவதற்கும் இந்த எழுத்துகளை எழுதினால் ஒரு அரைப்பக்கம்கூட வராது.

விரிபோணிக்கு முன்காலத்தில் அனுபந்தம் என்றொரு பகுதியும் உண்டு. இப்போது அநேகமாக யாரும் மேடையில் பாடுவதில்லை. பாடாந்தரத்தில் இருந்து, பாட எண்ணமும் இருந்தால் வயலின்காரரிடம் முன்பே சொல்லுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

நவராகமாலிகை "வலசி வச்சி" பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் பெயரால் வழங்குவது. கேதாரம், சங்கராபரணம், கல்யாணி, பேகடை, காம்போஜி, யதுகுலகாம்போஜி, பிலஹரி, மோகனம், ஸ்ரீ என்று ஒன்பது ராகம். எந்த ராகமும் வந்த வேகத்தில் போய்விடுவதால் மெயினோடு பெரிய மோதல் வராது. ஆனால் தொண்டை ஒரு ராகத்தில் ஊன்றுவதற்குள் அடுத்தது வந்துவிடும். குரல் சீக்கிரம் திறப்பவர்களுக்கு மட்டும்.

வீணை குப்பய்யரின் பேகடை "இந்த சலமு", அவர் மகன் திருவொற்றியூர் தியாகய்யரின் சஹானா "கருணிம்ப" இரண்டும் சௌக்கமாக (நிதானமாக) பாடினால் ரசம் சொட்டும். பேகடையின் மத்திமமும் நிஷாதமும், சஹானாவின் காந்தாரமும் குரல் நன்கு பதமான பிறகு வர வேண்டியவை. தொடக்கத்தில் போட்டு வீணாக்குகிறார்களே என்றுதான் தோன்றும்.

தமிழில் வர்ணம் வேண்டும் என்பவர்கள் லால்குடி ஜெயராமனின் சாருகேசி "இன்னும் என் மனம்" பக்கம் போகிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் லால்குடி வர்ணங்களில் ஸ்வரக் கோவைகள் தாளத்தின் குறுக்கே நடக்கும். வயலின்காரருக்குப் பாடமா என்று கேட்டுக்கொள்ளாமல் எடுத்தால், முக்தாயி ஸ்வரத்தில் நீங்கள் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். பாபநாசம் சிவனின் தன்யாசி "நீ இந்த மாயம்" பதவர்ணம், நடனத்துக்கு உரியது. அதன் சௌக்க நடை கச்சேரித் தொடக்கத்துக்குப் பொருந்தாது.

பக்கவாத்தியத்திடம் சொல்ல வேண்டியவை

வர்ணம் எல்லோருக்கும் தெரியும் என்பதே தொல்லை. பாடாந்தரம் வீட்டுக்கு வீடு வேறு: சரண ஸ்வரத்தின் வரிசை, எண்ணிக்கை, சில பிடிகள். மேடையேறுமுன் இவற்றைச் சொன்னால் போதும்: என்ன வேகம் (வாயால் ஒரு வரி பாடிக் காட்டுங்கள், "மத்திமம்" என்று சொல்லாதீர்கள்), இரண்டாம் காலம் எதுவரை, சரண ஸ்வரம் எத்தனை, கடைசியில் சரணத்தில் முடிப்பதா பல்லவிக்குத் திரும்புவதா. மைக்காரரிடம், மானிட்டரில் தம்பூராவும் உங்கள் குரலும் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். முதல் அரை நிமிடம் அவர் ஒலியைத் திருகிக்கொண்டிருப்பார், உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது. அப்போது கத்திப் பாடத் தோன்றும். அனுபல்லவியில் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அந்தக் கத்தலுக்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

கச்சேரி நாள் காலையில் நீங்கள் எடுத்த வர்ணத்தின் மிக உயர்ந்த ஸ்வரத்தை மட்டும் ஒருமுறை, மெதுவாக, பிடித்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் இரண்டு வழி. முதலாவது, வர்ணத்தை மாற்றுவது; இதற்காகவே பட்டியலில் இரண்டாவது வர்ணம் ஒன்று பாடமாக இருக்கட்டும். மற்றது, சுருதியை அரைக் கட்டை குறைப்பது, ஐந்தரையில் பாடுபவர் ஐந்துக்கு இறங்குவது. தம்பூரா பெட்டியில் அது ஒரு திருகல். மிருதங்கம் அப்படியில்லை: அரைக் கட்டைக்கு வார்களைத் தட்டிச் சமாளிக்கலாம், அதற்கு மேல் என்றால் வேறு மிருதங்கமே கொண்டுவர வேண்டியிருக்கும். வித்வான் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.